10 நானோமீட்டர் தங்கம் எங்கே உருகும்? நுண்துகள்களின் கட்டிலா ஆற்றலையும் நிலைமைச் சமநிலையையும் கணக்கிடும் வழிகாட்டி

பேரளவுத் தங்கம் 1337.33 கெல்வினில், அதாவது 1064.18 °செல்சியஸில் உருகும். அதே தங்கம் 10 நானோமீட்டர் விட்டமுள்ள உருண்டையாக இருந்தால்? வழக்கமான சூத்திரத்தில் எண்களைப் போட்டால் ஐந்து நிமிடத்தில் விடை வந்துவிடும். ஒருவருக்கு 1247 கெல்வின் வரும், இன்னொருவருக்கு 1202 வரும். இருவருமே கூட்டல் கழித்தலில் தவறியிருக்க மாட்டார்கள். இந்தக் கணக்கின் விடை எப்போதும் இரண்டு பெரிய எண்களுக்கு இடையிலான சிறிய வித்தியாசம் என்பதுதான் காரணம். திண்மத்தின் பரப்பு ஆற்றல் (வெளிப்பரப்பு இருப்பதற்கே ஆகும் கூடுதல் ஆற்றல்) ஒரு பெரிய எண், திரவத்தினுடையது இன்னொரு பெரிய எண். எதில் கொஞ்சம் சறுக்கினாலும் வித்தியாசம் பாதியாகும், இல்லையேல் ஒன்றரை மடங்காகும். சூத்திரத்தைவிட உள்ளீட்டு எண்களில் கவனம் வைக்கச் சொல்வது இதனால்தான்.

துகள் சிறுத்தால் உருகுநிலை இறங்கும் என்பதை வெப்ப இயக்கவியல் வழியில் 1909இல் எழுதியவர் பாவ்லோவ் (நாய்களை வைத்து ஆய்வு செய்த பாவ்லோவ் வேறு ஆள்). ஈயம், வெள்ளீயம், பிஸ்மத் ஆகியவற்றின் மெல்லிய படலங்களில் எலக்ட்ரான் விளிம்பு விளைவைக் கொண்டு அதைக் கண்ணால் காட்டியவர் தகாகி, 1954இல். தங்கத் துகள்களில் அளவு வாரியாக அளந்து கொடுத்தவர்கள் புஃபாவும் போரெலும், 1976இல். இன்றும் புதிய சூத்திரம் எழுதுபவர்கள் முதலில் அந்தத் தங்கத் தரவோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நாமும் தங்கத்திலேயே தொடங்குவோம்.

முதலில்: இந்தக் கணக்கு எந்த அளவு வரை செல்லும்?

பரப்பு, உட்பகுதி என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவதே இந்த முறையின் அடிப்படை. அந்தப் பிரிவுக்கு அர்த்தம் இருக்கும் வரைதான் கணக்குக்கும் அர்த்தம். தங்கத்தில் நெருங்கி அடுக்கிய முகத்தில் ஓர் அணு பிடிக்கும் இடம் சுமார் 0.072 சதுர நானோமீட்டர். ஓர் அணுவின் கனஅளவு சுமார் 0.017 கன நானோமீட்டர். இதை வைத்து எண்ணினால்:

- 10 நானோமீட்டர் விட்டம்: ஏறத்தாழ 31,000 அணுக்கள், பரப்பில் 14 விழுக்காடு
- 5 நானோமீட்டர்: ஏறத்தாழ 3,850 அணுக்கள், பரப்பில் 28 விழுக்காடு
- 2.5 நானோமீட்டர்: ஏறத்தாழ 480 அணுக்கள், பரப்பில் 57 விழுக்காடு

5 நானோமீட்டருக்கு மேல் நம்பிக்கையோடு கணக்கிடலாம். 3 முதல் 5 வரை போக்கு சரியாக வரும், எண்ணை அப்படியே நம்ப முடியாது. பாதிக்கு மேற்பட்ட அணுக்கள் பரப்பிலேயே உட்கார்ந்திருக்கும் 2.5 நானோமீட்டர் துகளுக்கு "பரப்பு ஆற்றல்" என்ற ஒற்றை எண்ணைக் கொடுப்பது கணக்கு வசதிக்காக மட்டுமே. அதற்கும் கீழே மூலக்கூறு இயக்கவியல் உருவகத்துக்குப் (அணுக்களின் அசைவை ஒவ்வொன்றாகக் கணினியில் கணக்கிடுவது) போய்விடுங்கள்.

தரவைச் சேகரித்தல்

ஒரு தூய பொருளின் உருகுதலுக்கு ஆறு எண்கள் வேண்டும். விரிதாள் ஒன்று போதும்; சிறப்பு மென்பொருள் எதுவும் தேவையில்லை. தங்கத்துக்கு இவற்றை எடுத்துக்கொள்வோம்:

- பேரளவு உருகுநிலை: 1337.33 கெல்வின்
- உருகுதல் என்தால்பி (ஒரு மோல் உருக ஆகும் வெப்பம்): 12,550 ஜூல்/மோல்
- திண்மத்தின் மோலார் கனஅளவு: 10.70 கன செ.மீ. (அடர்த்தி 18.4 கிராம்/கன செ.மீ.)
- திரவத்தின் மோலார் கனஅளவு: 11.38 கன செ.மீ. (அடர்த்தி 17.3)
- திண்மத்தின் பரப்பு ஆற்றல்: 1.38 ஜூல்/மீ²
- திரவத்தின் பரப்பு ஆற்றல்: 1.135 ஜூல்/மீ²

திண்மத்துக்கு 18.4 என்ற அடர்த்தியைக் கண்டு சிலருக்குச் சந்தேகம் வரும். கையேட்டில் இருக்கும் 19.3 அறை வெப்பநிலைக்கானது. நமக்கு வேண்டியது உருகுநிலைக்கு அருகில் உள்ள அடர்த்தி. இது சில்லறை விஷயமாகத் தோன்றும், ஆனால் இல்லை. 19.3ஐப் போட்டால் 10 நானோமீட்டர் துகளின் உருகுநிலை இறக்கம் 90 கெல்வினிலிருந்து 70 கெல்வினாகிவிடும். ஆறு எண்களும் ஒரே வெப்பநிலையைச் சேர்ந்தவையா என்று பார்த்த பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

திண்மத்தின் பரப்பு ஆற்றலை எடுக்கும்போது இன்னொரு குழி இருக்கிறது. திரவத்தில் பரப்பு ஆற்றலும் பரப்பு இழுவிசையும் ஒரே எண். திண்மத்தில் அப்படியல்ல. புதிய பரப்பை உண்டாக்க ஆகும் வேலை ஒன்று. இருக்கும் பரப்பை இழுத்து நீட்ட ஆகும் வேலை வேறு. பின்னதைப் பரப்புத் தகைவு என்பார்கள். இரண்டுக்கும் உள்ள தொடர்பை 1950இல் ஷட்டில்வொர்த் எழுதினார். நானோ துகளின் படிகக்கூடு எவ்வளவு சுருங்கும் என்று கேட்டால் பரப்புத் தகைவு வேண்டும். எந்த நிலைமை (திண்மம், திரவம், அல்லது ஒரு குறிப்பிட்ட படிக வடிவம்) நிலைத்து நிற்கும் என்று கேட்டால் பரப்பு ஆற்றல் வேண்டும். எக்ஸ்-கதிர் அளவீட்டில் கண்ட சுருக்கத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு எடுத்த எண்ணை உருகுநிலைக் கணக்கில் போட்டுவிடாதீர்கள்.

கணக்கு: தங்கம், ஆரம் 5 நானோமீட்டர்

படி 1. எந்த நிலைமைக்குக் கட்டிலா ஆற்றல் தாழ்வோ அதுவே நிலைக்கும். பேரளவில் திரவத்துக்கும் திண்மத்துக்கும் உள்ள கட்டிலா ஆற்றல் வித்தியாசத்தை எழுதுங்கள்:

வித்தியாசம் = உருகுதல் என்தால்பி × (1 − வெப்பநிலை ÷ பேரளவு உருகுநிலை)

உருகுநிலையில் இது சுழியம். அதற்குக் கீழே நேர்க்குறி, அதாவது திரவமாக இருப்பதற்குக் கொடுக்க வேண்டிய விலை. இறக்கம் 200 கெல்வினைத் தாண்டினால் இரு நிலைமைகளின் வெப்ப ஏற்புத்திறன் வேறுபாட்டையும் சேர்க்க வேண்டும். அப்போது டின்ஸ்டேல் 1991இல் தொகுத்த தூய தனிமத் தரவிலிருந்து முழுக் கோவையையும் எடுத்துக்கொள்வது நல்லது.

படி 2. திண்மத் துகளின் பரப்பு உறுப்பு: 2 × பரப்பு ஆற்றல் × மோலார் கனஅளவு ÷ ஆரம்.

2 × 1.38 × 10.70×10⁻⁶ ÷ 5×10⁻⁹ = 5,906 ஜூல்/மோல்.

படி 3. திரவத் துகளின் ஆரம். அணுக்களின் எண்ணிக்கை மாறாது, கனஅளவுதான் மாறும். 11.38 ÷ 10.70இன் கனமூலம் 1.0208, எனவே திரவத் துளியின் ஆரம் 5.104 நானோமீட்டர். இந்தப் படியைத் தாண்டிவிடுபவர்கள் அதிகம். இரண்டுக்கும் 5 நானோமீட்டர் என்றே வைத்தால் இறுதி விடை 90க்குப் பதில் 79 ஆகும்.

படி 4. திரவத்தின் பரப்பு உறுப்பு: 2 × 1.135 × 11.38×10⁻⁶ ÷ 5.104×10⁻⁹ = 5,061 ஜூல்/மோல்.

படி 5. வித்தியாசம் 5,906 − 5,061 = 845 ஜூல்/மோல். உருகினால் துகளுக்கு மிச்சமாகும் பரப்பு ஆற்றல் இது.

படி 6. மிச்சத்தையும் விலையையும் சமப்படுத்துங்கள். 845 ÷ 12,550 = 0.0673. இதை 1337.33ஆல் பெருக்கினால் 90 கெல்வின். எனவே 1247 கெல்வின், ஏறத்தாழ 974 °செல்சியஸ்.

ஆரத்தைப் பாதியாக்கினால் இறக்கம் இரட்டிப்பாகும்: 5 நானோமீட்டர் விட்டத்துக்கு 180 கெல்வின், 2.5க்கு 360 கெல்வின். புஃபா–போரெல் அளவீடு சிறிய துகள்களில் இந்த எளிய கோட்டைவிட வேகமாகக் கீழே வளைந்து இறங்குகிறது. துகள் முழுதும் உருகுமுன்பே அதன் வெளித்தோல் திரவமாகிவிடுகிறது என்று கொள்ளும் மாதிரி அந்த வளைவுக்கு நன்றாகப் பொருந்தும். அதில் ஆரத்துக்குப் பதில் (ஆரம் − திரவத் தோலின் தடிமன்) வரும். தடிமன் பொதுவாக ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. ஆனால் அந்தத் தடிமனைத் தனியே அளந்து போடுவதில்லை, தரவுக்குப் பொருந்தும்படி தேர்ந்தெடுக்கிறோம் என்பதை மனதில் வையுங்கள்.

இங்கே அடிக்கடி நிகழும் ஒரு பிழை உண்டு. 5 நானோமீட்டர் ஆரத்தில் வளைவால் உண்டாகும் உள்ளழுத்தம் 2 × 1.38 ÷ 5×10⁻⁹, அதாவது 552 மெகாபாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தைப்போல் 5,000 மடங்குக்கும் மேல். இதைப் பார்த்ததும் "அழுத்தத்தின் விளைவையும் சேர்க்கலாமே" என்று அழுத்தம் × கனஅளவு என்ற உறுப்பைத் தனியே கூட்டிவிடுகிறார்கள். படி 2இல் இருப்பதே அந்த உறுப்புதான். இரண்டையும் போட்டால் ஒரே செலவை இரண்டு முறை எழுதியதாகும். விடை சரியாக இரு மடங்கு வந்தால் முதலில் இதைத் தேடுங்கள்.

இரண்டா, மூன்றா?

படி 2இல் 2 ஏன் வந்தது? உருண்டையின் மொத்தப் பரப்பு ஆற்றலை மோல் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது 3 × பரப்பு ஆற்றல் × மோலார் கனஅளவு ÷ ஆரம். அதே துகளில் ஓர் அணுவைக் கூடுதலாகச் சேர்க்கும்போது ஏறும் ஆற்றலை, அதாவது வேதி நிலையாற்றலைக் கணக்கிட்டால் 3 போய் 2 வரும். ஆரம் வளர வளரப் பரப்பு கனஅளவைவிட மெதுவாக வளர்வதுதான் காரணம். முன்னது சராசரிச் செலவு, பின்னது கடைசி அணுவின் செலவு.

அணுக்கள் ஒரு நிலைமையிலிருந்து இன்னொன்றுக்குத் தனித்தனியே இடம் மாறும் சமநிலையைக் கேட்டால், உதாரணமாகத் துகளும் அதைச் சுற்றியுள்ள ஆவியும், 2தான் சரி. பாவ்லோவ் வழி வந்த கணக்குகள் இந்த வகை. துகள் முழுதும் ஒரு நிலைமையிலிருந்து இன்னொன்றாக மாறினால் எது தாழ்ந்த ஆற்றல் என்று கேட்டால் மொத்தங்களை ஒப்பிட வேண்டும், அங்கே 3. நம் துகளுக்கு 3ஐப் போட்டால் மிச்சம் 1,268 ஜூல்/மோல், இறக்கம் 135 கெல்வின், உருகுநிலை 1202 கெல்வின். ஹங்கேரிய ஆய்வாளர் காப்டாய், நானோ சமநிலைக் கணக்குகளில் வளைவழுத்தத்துக்குப் பதில் பரப்பு–கனஅளவு விகிதத்தையே பயன்படுத்த வேண்டும் என்று 2012இல் வலியுறுத்தி எழுதினார். தர்க்கப்படி அவர் பக்கம் வலுவானது. திண்மத்துக்கும் திரவத்துக்கும் இடையே துகள் முழுதாக மாறுவதுதான் கேள்வி என்றால் 3ஐத்தான் எடுக்க வேண்டும்.

ஆனால் இந்த விவாதத்தில் பக்கம் எடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். 2ஐயே வைத்துக்கொண்டு, திண்மத்தின் பரப்பு ஆற்றலை 1.38இலிருந்து 1.48ஆக உயர்த்துங்கள். ஏழு விழுக்காடு மாற்றம்தான். திண்மப் பரப்பு ஆற்றலுக்கு வெளிவந்துள்ள எண்களின் சிதறல் இதைவிடப் பெரியது. திண்ம உறுப்பு 6,334 ஆகும், வித்தியாசம் 1,273, இறக்கம் 136 கெல்வின். அதாவது 3ஐப் போட்டால் என்ன விடை வந்ததோ, அதுவே. 0.10 ஜூல்/மீ² ஐயம் முழு விவாதத்தையும் விழுங்கிவிடுகிறது. ஆகவே உருகுநிலைத் தரவைக் காட்டி "2 சரி" என்றோ "3 சரி" என்றோ நிறுவியதாகச் சொல்லும் கட்டுரையைப் பார்த்தால், பரப்பு ஆற்றலை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

திரவப் பரப்பு இழுவிசை வெப்பநிலை குறையக் குறைய ஏறும். உலோகங்களில் பொதுவாகக் கெல்வினுக்கு 0.1 முதல் 0.3 மில்லிஜூல்/மீ². 0.2 என்று வைத்து 90 கெல்வின் இறங்கினால் திரவ உறுப்பு 80 ஜூல்/மோல் ஏறும். 845இல் அது பத்தில் ஒரு பங்கு. திண்மத்தின் எண்ணும் ஓரளவு ஏறுவதால், ஒன்றுக்கு மட்டும் வெப்பநிலைத் திருத்தம் போட்டு மற்றதை விட்டுவிடுவது திருத்தம் போடாததைவிட மோசம். வளைவுக்கேற்பப் பரப்பு ஆற்றலைக் குறைக்கும் டோல்மன் திருத்தமும் (1949) இதே வகைதான். அதில் வரும் டோல்மன் நீளம் என்ற எண்ணின் குறி நேரா எதிரா என்பதிலேயே கருத்து ஒருமை இல்லாதபோது, 3 நானோமீட்டர் ஆரத்துக்கு மேல் அதை விட்டுவிடுவதே தெளிவு.

திண்மத்திலிருந்து திண்மம்: டைட்டானியம் டையாக்சைடு

உருகுதலில் வித்தியாசம் சிறியது என்பதால்தான் இவ்வளவு தொல்லை. ஆக்சைடுகளின் படிக வடிவங்களுக்கு இடையே பரப்பு ஆற்றல் பெரிதாக வேறுபடுவதால் கணக்கு எளிது. அளவு சிறுத்தால் எந்தப் படிகம் நிலைக்கும் என்பதே தலைகீழாகும். சிர்கோனியாவில் அறை வெப்பநிலையில் இருக்கக் கூடாத டெட்ராகோனல் வடிவம் நுண்படிகங்களில் நிலைத்து நிற்பதற்குப் பரப்பு ஆற்றலைக் காரணமாகக் காட்டியவர் கார்வி, 1965இல்.

டைட்டானியம் டையாக்சைடுக்கு மூன்று வடிவங்கள்: ரூட்டைல், புரூக்கைட், அனடேஸ். பேரளவில் ரூட்டைலே நிலையானது. ஆனால் சோல்–ஜெல் முறையில் தூள் தயாரிப்பவர்களுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் அனடேஸ். அலெக்சாண்ட்ரா நவ்ரோட்ஸ்கியின் குழு உயர்வெப்பக் கலோரிமீட்டரில் அளந்து 2002இல் வெளியிட்ட எண்கள் இவை. ரூட்டைலைவிட புரூக்கைட் 0.71 கிலோஜூல்/மோல் உயரத்தில், அனடேஸ் 2.61 உயரத்தில். பரப்பு என்தால்பி ரூட்டைலுக்கு 2.2 ஜூல்/மீ², புரூக்கைட்டுக்கு 1.0, அனடேஸுக்கு 0.4.

இங்கே ஆரத்தையே தொட வேண்டாம். ஒரு மோலுக்கு எத்தனை சதுர மீட்டர் பரப்பு என்பதை மாறியாக வையுங்கள். அப்போது வடிவம் உருண்டையா, பலகையா என்ற சந்தேகமும் போய்விடும். 2, 3 தகராறும் எழாது. ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு நேர்கோடு: தொடக்க உயரம் + பரப்பு என்தால்பி × பரப்பு.

ரூட்டைல்–புரூக்கைட் வெட்டுப்புள்ளி: 710 ÷ (2.2 − 1.0) = 592 மீ²/மோல். மோலார் நிறை 79.87 கிராம் என்பதால் கிராமுக்கு 7.4 மீ². 6 × மோலார் கனஅளவு ÷ பரப்பு என்ற கணக்கில் விட்டம் ஏறத்தாழ 190 நானோமீட்டர்.

புரூக்கைட்–அனடேஸ் வெட்டுப்புள்ளி: (2,610 − 710) ÷ (1.0 − 0.4) = 3,167 மீ²/மோல்; கிராமுக்கு சுமார் 40 மீ², விட்டம் 40 நானோமீட்டருக்குச் சற்றுக் கீழே.

அதற்குக் கீழே அனடேஸ். இப்போது பிழைப் பட்டையையும் போட்டுப் பாருங்கள். 0.71க்கு அவர்கள் கொடுத்த ஐயம் ±0.38. அதை மட்டும் வைத்தாலே முதல் வெட்டுப்புள்ளி 275 முதல் 908 மீ²/மோல் வரை போகும்; விட்டக் கணக்கில் 410இலிருந்து 124 நானோமீட்டர் வரை. "190" என்று ஒற்றை எண்ணாக எழுதுவது ஏமாற்று. அனடேஸ், ரூட்டைல் இரண்டை மட்டும் ஒப்பிட்டால் இதே தரவில் சுமார் 80 நானோமீட்டர் வரும். அணுக்கட்ட உருவகத்தில் கிடைத்த பரப்பு ஆற்றலைக் கொண்டு ஜாங், பேன்ஃபீல்ட் 1998இல் சொன்ன அளவோ சுமார் 14 நானோமீட்டர். உண்மைத் தூளின் பரப்பில் ஈரம் ஒட்டியிருக்கும், அது பரப்பு ஆற்றலை மாற்றும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், உங்கள் உலையில் கிடைக்கும் எல்லை இரண்டில் எதனோடும் பொருந்தாமல் போவதில் வியப்பில்லை. இவை என்தால்பிகள், கட்டிலா ஆற்றல்கள் அல்ல என்பதும் நினைவிருக்கட்டும். இந்த மூன்று வடிவங்களின் என்ட்ரோபி வேறுபாடு சிறியது என்பதால் தப்பித்தோம். எல்லாப் பொருளிலும் அப்படித் தப்ப முடியாது.

உலோகக்கலவைத் துகளின் நிலைமை வரைபடம்

கடினமான பகுதி இதுதான். வெள்ளி–செம்பை எடுத்துக்கொள்வோம். பேரளவில் யூடெக்டிக் (கலவை மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் உருகும் புள்ளி) 779 °செல்சியஸ், எடையில் 28.1 விழுக்காடு செம்பு.

முதல் வேலை, பேரளவுத் தரவுக்கோப்பை மென்பொருளில் ஏற்றி இந்த யூடெக்டிக் வருகிறதா என்று பார்ப்பது. நிலைமை வரைபடம் கணக்கிடும் மென்பொருள்களான பைகால்பேட், ஓபன்கால்பேட் இரண்டும் இலவசமாகக் கிடைக்கும். ஓரிரு கெல்வினுக்குள் வராவிட்டால் அங்கேயே நின்று கோப்பைச் சரிசெய்யுங்கள். பேரளவில் தவறும் கோப்பு நானோ அளவில் சரியாக வந்தால் அது தற்செயல்.

அடுத்து, ஒவ்வொரு நிலைமையிலும் ஒவ்வொரு தூய தனிமத்தின் கட்டிலா ஆற்றலோடு பரப்பு உறுப்பைக் கூட்டுங்கள். வெள்ளித் திரவம், வெள்ளித் திண்மம், செம்புத் திரவம், செம்புத் திண்மம் என நான்கு இடங்கள். ஆரம் எல்லாவற்றுக்கும் ஒரே அணு எண்ணிக்கையிலிருந்து வர வேண்டும்.

கலவையின் பரப்பு ஆற்றல் இரு முனைகளுக்கும் இடையே நேர்கோடு அல்ல. உருகிய வெள்ளியின் பரப்பு இழுவிசை சுமார் 0.9 ஜூல்/மீ², செம்பினுடையது சுமார் 1.3. எனவே வெள்ளி பரப்புக்கு ஏறி வரும், கலவையின் எண் வெள்ளிப் பக்கமே தாழ்ந்து கிடக்கும். இதைக் கணக்கிட 1932இல் பட்லர் கொடுத்த சமன்பாடு இருக்கிறது: பரப்பு அடுக்கைத் தனி நிலைமையாகக் கொண்டு, அதற்கும் உட்பகுதிக்கும் சமநிலை எழுதுவது. திரவ உலோகங்களில் பரப்பு அணுக்களுக்கு அண்டை அணுக்கள் குறைவு என்பதால், உட்பகுதியின் மிகைக் கட்டிலா ஆற்றலை (இலட்சியக் கலவையின் மதிப்பிலிருந்து உள்ள வேறுபாடு) 0.83ஆல் பெருக்கிப் பரப்புக்குப் பயன்படுத்துவது வழக்கம். தனாகாவும் ஹாராவும் 2001இல் நுண்துகள் வரைபடங்களைக் கணக்கிட்டது இந்த வழியில்தான்.

பட்லர் சமன்பாட்டில் ஒரு மறைமுகமான எடுகோள் உண்டு: உட்பகுதி வற்றாத கிணறு. பரப்புக்கு எவ்வளவு வெள்ளி போனாலும் உள்ளே விகிதம் மாறாது. 5 நானோமீட்டர் துகளில் இது பொய். பரப்பில் மட்டும் நான்கில் ஒரு பங்குக்கு மேல் அணுக்கள் இருக்கின்றன என்று மேலே பார்த்தோம். துகளில் மொத்தமே 10 விழுக்காடு வெள்ளி என்றால், அத்தனையும் பரப்புக்கு வந்தாலும் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் மூட முடியும். உள்ளே வெறும் செம்பு மிஞ்சும். ஆகவே மொத்த அணுக்கள் = பரப்பு அணுக்கள் + உட்பகுதி அணுக்கள் என்ற சமன்பாட்டை ஒவ்வொரு தனிமத்துக்கும் எழுதி, பட்லர் சமன்பாட்டோடு சேர்த்தே தீர்க்க வேண்டும். வணிக மென்பொருளில் "நானோ" என்ற பெயரில் வரும் வசதிகள் இதைச் செய்கின்றனவா என்பதைக் கையேட்டில் தேடிப் பாருங்கள்.

பிறகு, ஒரே துகளுக்குள் இரண்டு நிலைமைகள் இருந்தால் அவற்றுக்கு இடையே ஓர் இடைமுகம் வேண்டும். அதற்கும் விலை உண்டு. பேரளவில் இதைக் கண்டுகொள்வதில்லை. 5 நானோமீட்டர் உருண்டையைச் சரிபாதியாகப் பிரிக்கும் தட்டையான இடைமுகத்தின் பரப்பு 19.6 சதுர நானோமீட்டர். இடைமுக ஆற்றலை 0.2 ஜூல்/மீ² என எடுத்து, 3,850 அணுக்களுக்குப் பங்கிட்டால் மோலுக்கு ஏறத்தாழ 610 ஜூல். பிரிவதால் கிடைக்கும் ஆதாயம் இதைவிடக் குறைவாக உள்ள கலவை விகிதங்களில் துகள் பிரியவே பிரியாது. பேரளவு வரைபடத்தில் இரு நிலைமைப் பகுதி என்று வரைந்திருக்கும் இடத்தில் ஒற்றை நிலைமையாகவே நிற்கும். கலவாப் பகுதி இரு ஓரங்களிலும் சுருங்குவதற்கு இதுவே காரணம்.

அதோடு நெம்புகோல் விதியும் (வரைபடத்தில் கிடைமட்டக் கோட்டிலிருந்து இரு நிலைமைகளின் அளவு விகிதத்தைப் படிக்கும் விதி) போகிறது. பேரளவில் இரு நிலைமைகளின் இயைபுகள் வெப்பநிலையை மட்டும் பொறுத்தவை. மொத்தக் கலவையை மாற்றினால் அளவு விகிதம்தான் மாறும். நுண்துகளில் மொத்தக் கலவையை மாற்றினால் இடைமுகத்தின் பரப்பு மாறும், உள்ளே மிஞ்சும் அணுக்கள் மாறும், எனவே இரு இயைபுகளும் நகரும். எத்தனை மாறிகளைச் சுதந்திரமாக மாற்றலாம் என்று சொல்லும் கிப்ஸின் நிலைமை விதியில் அளவு என்ற கூடுதல் சுதந்திரம் சேர்ந்துவிட்டது என்று இதைச் சொல்லலாம். ஆகவே பேரளவு வரைபடத்தைப் போலக் கோடுகள் வரைந்து, அதில் கிடைமட்டமாகக் கோடிழுத்து விகிதம் படிப்பது தவறு. ஒவ்வொரு மொத்தக் கலவைக்கும், ஒவ்வொரு வடிவ அமைப்புக்கும் (உள்ளே ஒன்று வெளியே ஒன்று, அல்லது பக்கத்துக்குப் பக்கம்) மொத்தக் கட்டிலா ஆற்றலைத் தனித்தனியே சிறுமமாக்கி, எது தாழ்வோ அதைக் குறிக்க வேண்டும். வெளியில் இருப்பதன் பரப்பு ஆற்றலும் இடைமுக ஆற்றலும் கூடினாலும், உள்ளே போவதன் பரப்பு ஆற்றலைவிடக் குறைவு என்றால் உறையாக மூடும். இல்லையென்றால் பக்கத்தில் ஒட்டும்.

அளவீட்டோடு ஒப்பிடும்போது

மாதிரியில் எல்லாத் துகளும் ஒரே அளவில் இருக்காது. 8 முதல் 12 நானோமீட்டர் வரை பரவியிருந்தால் தங்கத்தின் இறக்கம் 113 முதல் 75 கெல்வின் வரை பரவும். கலோரிமீட்டரில் கூர்மையான முகட்டுக்குப் பதில் 38 கெல்வின் அகலமுள்ள மேடு வரும். இதைப் பார்த்து "படிப்படியாக உருகுகிறது" என்று எழுதிவிடாதீர்கள். வெப்ப ஏற்ற இறக்கத்தால் ஒற்றைத் துகளுக்கே உருகல் சற்று மங்கும் என்பது உண்மை. ஆனால் 480 அணுக்கள் உள்ள துகளில்கூடத் திண்மமாக இருக்கும் வாய்ப்பு பத்துக்கு ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பத்தாக மாறுவது சில கெல்வினுக்குள் முடிந்துவிடும்.

முகட்டின் பரப்பிலிருந்து எடுக்கும் உருகுதல் வெப்பமும் குறையும். 1996இல் நுண்கலோரிமீட்டரில் வெள்ளீயத் துகள்களை அளந்தபோது அது பேரளவு மதிப்பிலிருந்து 70 விழுக்காடு வரை குறைந்தது. வெளித்தோல் முன்கூட்டியே உருகிவிட்டதால் முகட்டில் பதிவது உட்பகுதியின் பங்கு மட்டும். இந்தக் குறைந்த எண்ணைப் படி 6இல் போடக் கூடாது. பரப்பின் பங்கு ஏற்கெனவே படி 2இல் இருக்கிறது.

சூடேற்றும்போது கிடைக்கும் எண்ணையே எடுங்கள். நுண்துகள்கள் திண்மமாகுமுன் வெகுதூரம் மிகைக்குளிர்வு அடையும், அதாவது உருகுநிலைக்குக் கீழும் திரவமாகவே இருக்கும். குளிர்விக்கும்போது பதிவாகும் வெப்பநிலை முதல் படிகக் கரு தோன்றுவதற்கான தடையைச் சொல்லுமே தவிர, சமநிலையை அல்ல. மேலும், தாங்கித் தட்டில் நெருக்கமாக இருக்கும் துகள்கள் உருகுமுன்பே ஒட்டி வளரத் தொடங்கும். முதல் சுற்றிலும் இரண்டாம் சுற்றிலும் உருகுநிலை வேறாக வந்தால் நுண்ணோக்கியில் அளவுப் பரவலைத் திரும்ப எடுங்கள். எக்ஸ்-கதிர் முகட்டின் அகலத்திலிருந்து ஷெர்ரர் முறையில் எடுப்பது படிகத்தின் அளவு, துகளின் அளவல்ல. ஒரு துகளில் இரண்டு மூன்று படிகங்கள் இருந்தால் கணக்கில் போட வேண்டிய பரப்பே மாறிவிடும்.

கடைசியாக, துகள் எதில் உட்கார்ந்திருக்கிறது என்பது. மேலே செய்த கணக்கெல்லாம் வெற்றிடத்தில் மிதக்கும் துகளுக்கு. வேறொரு திண்மத்துக்குள் புதைந்திருந்தால் இரு பரப்பு ஆற்றல்களுக்கும் பதிலாகத் திண்மத் துகள்–சூழ்பொருள், திரவத் துகள்–சூழ்பொருள் ஆகிய இடைமுக ஆற்றல்களைப் போட வேண்டும். இவற்றில் முன்னது சிறியதாக இருந்தால் வித்தியாசத்தின் குறியே மாறும், உருகுநிலை ஏறும். அலுமினியத்துக்குள் படிகத் திசை பொருந்தி வளர்ந்த ஈயத் துகள்கள் பேரளவு ஈயத்தின் 327.5 °செல்சியஸுக்கு மேலும் திண்மமாகவே இருப்பதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சட்டோபாத்யாயின் குழு உட்படப் பலர் காட்டியிருக்கிறார்கள். அதே ஈயத்தையும் அலுமினியத்தையும் பந்து ஆலையில் அரைத்துச் சேர்த்தால் இடைமுகம் ஒழுங்கற்றுப் போகும், உருகுநிலை இறங்கும். இவ்வகை மாதிரியில் ஈயத்தின் உருகுநிலையைக் கணக்கிடுமுன், நுண்ணோக்கியில் இடைமுகத்தைப் பார்த்து எந்த வகை என்று முடிவுசெய்யுங்கள். ஈயம் உருகும்போது விரிவதற்குச் சுற்றியுள்ள அலுமினியம் இடம்கொடாததால் எழும் திரிபு ஆற்றலையும் திரவப் பக்கத்தில் கூட்ட வேண்டும்.